எரிக்கக் கூடாத தாள்: நன்னிலத்திலிருந்து தஞ்சாவூர் போய் வந்த கதை

கார்த்திகை அமாவாசை அன்று ஒரு சாக்குமூட்டையைத் தூக்கிக்கொண்டு நன்னிலம் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் போய் வந்தேன். போக வர ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர். கோயில் பார்க்கப் போகவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்கும் போகவில்லை. ஆனாலும் இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. செல்போன் டவரில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் இந்த மூட்டை கிடக்கலாம். அவர்களும் ஒரு நாள் இதே வழியில் போக வேண்டி வரும். நான் எட்டாவது வரைதான் படித்தவள். சொல்லச் சொல்ல என் மகள் கயல் டைப் அடித்தாள், பிழை பார்த்தாள். கதை என்னுடையது.

என் வீட்டுக்காரர் முருகையன் எங்கள் பக்கத்து டவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். கரண்ட் போனால் டவர் நிற்காமல் இருக்க ஒரு இரும்புப் பெட்டி வைத்திருந்தார்கள். சிலிண்டரில் இருந்து ஹைட்ரஜன் வாயு அதற்குள் போகும், கரண்ட் வெளியே வரும். ஜெனரேட்டர் போலப் புகையும் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரைப் பிடித்து வந்து ஒருநாள் எனக்குக் காட்டினார். பிள்ளை பிறந்ததைக் காட்டுகிற மாதிரி காட்டினார்.

பிறகு அந்தப் பெட்டிகளை எடுத்துவிட்டு பேட்டரி வைத்தார்கள். இரும்பையும் தகட்டையும் எடுத்துக்கொண்ட ஒப்பந்தக்காரர், உள்ளே அடுக்கடுக்காக இருந்த தாள்களை நீயே என்னவோ செய்துகொள் என்று இவரிடம் விட்டுவிட்டார். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய தாள். நடுவில் கறுப்பு, ஓரத்தில் கண்ணாடி போல இருக்கும். பிளாஸ்டிக் மாதிரிதான், ஆனால் ஈரம் பட்டால் உப்பும். மெம்ப்ரேன் என்று சொல்வார். அந்தக் கறுப்பில் பிளாட்டினம் இருக்கிறது, கொளுத்தினால் தனியாக வந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒருநாள் வரப்பில் வைத்துக் கொஞ்சம் கொளுத்தினார். சாம்பல்தான் மிஞ்சியது. கண் இரண்டும் சிவந்து வந்தார். ஒரு வாரம் இருமினார். அதன்பிறகு அந்த மூட்டையைத் தொடவில்லை. சில மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். எனக்கு அந்தப் புகை ஞாபகமாகவே இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் அவர் போன் அடித்தது. ஒரு பெண் குரல். "அண்ணன் இருக்காங்களா? மெம்ப்ரேன் கொண்டாறேன்னாங்க, ஆளையே காணோம்" என்றது. அவர் இல்லைங்க என்றேன். "எப்ப வருவாங்க?" என்று கேட்டது. காரியம் எல்லாம் முடிஞ்சிடுச்சும்மா என்றேன். அப்புறம் மெதுவாக, "அக்கா, அந்தத் தாளை மட்டும் யாரையும் கொளுத்த விட்டுடாதீங்க. முடிஞ்சா கொண்டாந்துடுங்க" என்று சொல்லி இடம் சொன்னாள். பெயர் மலர்விழி. பேராவூரணிப் பிள்ளை. தஞ்சாவூரில் பழைய தாளைக் கரைத்துப் புதுத் தாள் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறாள்.

போன் வந்த அன்று இரவே என் கொழுந்தனார் செல்வராசு வந்தார். "அண்ணி, அண்ணன் பொழங்குனதையெல்லாம் அமாவாசையில ஆத்தங்கரையில வச்சு எரிச்சிடுவோம். பாய், தலகாணி, உடுப்பு, அந்தத் தாள் மூட்டை, எல்லாத்தையும்" என்றார். எங்கள் பக்கம் அப்படித்தான். செத்தவர் படுத்த பாயை வீட்டில் வைக்கமாட்டார்கள். முடிகொண்டான் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் எரிப்பார்கள், இல்லை ஆற்றோடு விடுவார்கள். விட்டபிறகு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை. கயல்தான் சித்தப்பா பக்கத்தில் நின்று நெருப்பு வைக்க வேண்டும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து இளைப்பு உண்டு. மழைக்காலத்தில் ஊதுபத்திப் புகைகூட ஆகாது.

பாயை எரிங்க தம்பி, மூட்டையை நான் கொண்டுபோகிறேன் என்றேன். தாலி இறங்கி ரெண்டு மாசம் ஆகவில்லை, அதற்குள் தஞ்சாவூரா என்று அவர் சம்சாரம் கேட்டாள். மூட்டை வீட்டை விட்டுப் போனால்தான் எனக்கு மூச்சு வரும் போலிருந்தது.

அமாவாசை அன்று காலை ஆறரைக்குக் கிளம்பினேன். எங்கள் ஊரிலிருந்து நன்னிலத்துக்கு மினி பஸ், பத்து ரூபாய். நன்னிலத்திலிருந்து கும்பகோணம் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாச்சியார்கோவில் வழியாகப் போகும். எனக்கு வந்தது டவுன் பஸ், பெண்களுக்குக் காசில்லை. ஒன்றேகால் மணி நேரம் ஆகும். மூட்டையில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். தாள் என்றேன். எங்கே போகிறீர்கள் என்றார், தஞ்சாவூர் என்றேன். "ஏம்மா, பழைய பேப்பரை நன்னிலத்துலயே கிலோ கணக்குல எடுக்குறானே" என்று சிரித்தார். பக்கத்து சீட்டுக்காரரும் சிரித்தார். நான் மூட்டையை மடியில் இழுத்துக்கொண்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் தட்டி சரியாக மூடவில்லை. சாக்கு நனைந்தது. நாச்சியார்கோவில் தாண்டும்போது வலது கையில் உள்பக்கம் அரிக்க ஆரம்பித்தது. முதலில் கொசு என்று நினைத்தேன். பார்த்தால் மூட்டையை அணைத்திருந்த இடம் முழுக்கச் சிவப்பு. இறங்கி ஓடவும் முடியாது, மூட்டையைக் கீழே வைக்கவும் பயம். பக்கத்தில் ஒரு தாய் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளையின் கால் மூட்டையில் படாமல் முந்தானையைக் குறுக்கே போட்டுக்கொண்டு வந்தேன். என்னவோ நினைத்துக்கொண்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கும்பகோணத்தில் இறங்கியதும் குழாயில் கையைக் கழுவினேன். எரிச்சல் அடங்கியது, பயம் அடங்கவில்லை. அங்கிருந்து தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டர், பாபநாசம், அய்யம்பேட்டை வழி. முப்பத்தைந்து ரூபாய். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. இரண்டு பக்கமும் சம்பா பயிர் கரும்பச்சையாக நின்றது. வழியெல்லாம் ஆறும் வாய்க்காலும்தான். மற்ற நாளாக இருந்தால் எண்ணிக்கொண்டு வருவேன்.

புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து பட்டறைக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். "மூட்டையில கருவாடாக்கா? சீட்டுல வைக்காதீங்க, நாறும்" என்றார் டிரைவர். நாத்தம் வராது தம்பி, கொளுத்தினால்தான் வம்பு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு அவர் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் மூட்டையைப் பார்த்ததுதான் அதிகம். "வெடியா?" என்று ஒருமுறை கேட்டார். இறக்கிவிட்டதும் காசு கூட வாங்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். காசு மிச்சமாகும் என்று நீங்கள் இதைச் செய்ய வேண்டாம்.

பட்டறை பட்டுக்கோட்டை சாலையில் உள்ளே தள்ளி இருந்தது. ஒரு காலத்தில் நெல் அரைத்த கொட்டகை. இன்னும் தவிட்டு வாசனை அடிக்கிறது. மலர்விழி முப்பது வயதுப் பெண். என் கையைப் பார்த்ததும் முதலில் தண்ணீரில் நெடுநேரம் பிடிக்கச் சொன்னாள். பிறகு மூட்டையைப் பிரித்தாள்.

பயப்படாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்து, மூட்டையிலிருந்து எடுத்துக் கழுவிய தாள்களை இரண்டிலும் போட்டாள். புளிப்பைக் காட்டும் ஒரு சின்னக் காகிதத்தை முதல் டம்ளரில் நனைத்தாள். நிறம் லேசாக மாறியது. இரண்டாவதில் ஒரு பிடி உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு நனைத்தாள். குங்குமம் மாதிரி சிவந்துவிட்டது.

"தாளுக்குள்ள அமிலம் கட்டிப்போட்ட மாதிரி இருக்குக்கா. வெறும் தண்ணி பட்டா வராது. உப்பு பட்டா வெளிய வரும். உங்க கை வேர்வையில உப்பு இருக்குல்ல, அதான் அரிச்சிருக்கு" என்றாள். தொட்டால் கழுவிவிட்டால் போதும், தின்னக் கூடாது, கொளுத்தவே கூடாது என்றாள். கொளுத்தினால் வருகிற வாயு கண்ணையும் நுரையீரலையும் உள்ளேயே சுடும். அப்போது தெரியாது, சிலருக்கு மறுநாள்தான் தெரியும். இளைப்பு இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

தாளை என்ன செய்வாள் என்று காட்டினாள். சாராயம் மாதிரி ஒரு திரவமும் தண்ணீரும் கலந்து ஊறப்போட்டால் கறுப்புப் பூச்சு உரிந்து வருகிறது. அதை வடிகட்டித் தனியாக எடுத்து பிளாட்டினத்துக்கு அனுப்புகிறாள். மிஞ்சிய தாளைக் கெட்டியான இரும்புக் குக்கரில் மூடிச் சூடேற்றினால் கஞ்சி மாதிரி கரைந்துவிடுகிறது. அந்தக் கஞ்சியைக் கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைக்கிறாள். காய்ந்திருந்த ஒன்றை உரித்துக் காட்டினாள். பாலாடை மாதிரி வந்தது. இது மறுபடி ஹைட்ரஜன் பெட்டிக்குப் போகுமா என்று கேட்டேன். நல்லதாகப் பொறுக்கினால் கொஞ்சம் போகும், மிச்சம் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷினுக்கும் காலேஜ் பிள்ளைகள் பழகவும் போகும் என்றாள். அவளிடம் பொய் இல்லை என்று அப்போது தெரிந்தது. அதனால் கேட்டுவிட்டேன்.

"அவர் ஒருநாள் கொளுத்தினாரும்மா. அதனாலதான் போயிட்டாரா?"

கையில் இருந்த தாளைக் கீழே வைத்தாள். "தெரியலக்கா. அதனாலதான்னும் சொல்லமாட்டேன், இல்லேன்னும் சொல்லமாட்டேன். அது எனக்குத் தெரியாத விஷயம்."

இதற்குத்தான் இத்தனை தூரம் வந்தேனா என்று இருந்தது. ஆனால் வேறு எது சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

கிளம்பும்போது மூட்டையை இன்னொரு தரம் கிளறிப் பார்த்தாள். "எல்லாம் பழசா இருக்கே. பிரிக்காத புதுசு ஒரு கட்டு இருக்குன்னாங்களேக்கா அண்ணன். மடிச்சா வீணாப்போயிடும்னு சுருட்டி வச்சிருக்கேன்னாங்க."

சுருட்டி. அவர் பாய் இரட்டைப் பாய். நடுவில் ஒரு கவரை வைத்துச் சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி, மேலே பரணில் வைத்திருந்தார். இதைப் பிரிக்காதே என்று ஒருமுறை சொன்னார். வெயில்காலம் முழுக்க வெறுந்தரையில் படுத்தார். இடுப்புக்கு நல்லது என்று சொன்னார், நானும் கேட்கவில்லை. அந்தப் பாயைத்தான் எரிங்க தம்பி என்று என் வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கயல் பக்கத்தில் நிற்பாள்.

செல்வராசுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. எதிர்வீட்டுக்கு, கடைக்காரருக்கு, எல்லாவற்றுக்கும் அதே குரல். மலர்விழி போனிலும் அதே. மழைக்குக் கரண்ட் போயிருக்கும், எங்கள் ஊர் டவரும் கூடவே படுத்திருக்கும். அவர் பெட்டி இருந்தவரை கரண்ட் போனாலும் எங்கள் டவர் நின்றதில்லை. அந்தப் பெட்டியில் மாற்றிப் போட வைத்திருந்த புதுத் தாள் பாய்க்குள் இருக்கிறது. பெட்டி இல்லாததால் போன் போகவில்லை. இதை யோசிக்க யோசிக்கப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. மூன்று மணிக்கு மேல் கரைக்குப் போவோம் என்று சொல்லியிருந்தார்கள். அப்போது மணி பன்னிரண்டரை.

மலர்விழி ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டில் விட்டாள். "போயிடலாம்க்கா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

திரும்பி வந்த பயணத்தில் பார்த்தது எதுவும் ஒழுங்காக ஞாபகம் இல்லை. எங்கே புகை வந்தாலும் பார்த்தேன். அய்யம்பேட்டையில் டீக்கடை அடுப்புப் புகை. பாபநாசத்தில் யாரோ ஈரக்குப்பையைக் கொளுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு ஆற்றுப் பாலத்திலும் பஸ் மெதுவாகப் போனது. ஒவ்வொரு பாலத்திலும் போனை எடுத்து அடித்தேன். கும்பகோணத்தில் நன்னிலம் பஸ் அரை மணி நேரம் வரவில்லை. அந்த அரை மணி நேரம் நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. அவரைத்தான் திட்டினேன். ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால் என்ன என்று பஸ் ஸ்டாண்டில் நின்று வாய்விட்டே திட்டினேன்.

மினி பஸ்ஸை விட்டு இறங்கும்போது நாலேமுக்கால். ஆற்றங்கரை மூங்கிலுக்கு மேலே பார்த்தேன். புகை இல்லை. இன்னும் வைக்கவில்லையா, எரிந்து முடிந்துவிட்டதா என்று தெரியவில்லை. ஓடினேன். பாதி வழியில் செல்வராசும் கயலும் ஈரத்துணியோடு எதிரே வந்தார்கள். கயல் முகத்தைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தேன். சிவக்கவில்லை. மூச்சு விடச் சொல்லி நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, அழ ஆரம்பித்துவிட்டாள்.

"விறகு பூரா ஈரம் அண்ணி, பத்தவே இல்ல. உடுப்பையும் பாயையும் ஆத்தோட விட்டுட்டோம். திரும்பிப் பாக்காமதான் வந்தோம்" என்றார் செல்வராசு, நான் ஏதோ முறை தவறிவிட்டதாகக் கோபப்படுகிறேன் என்று நினைத்து.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எரியவில்லை. அந்த நிம்மதி ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அப்புறம் மலர்விழி பட்டறையில் சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. இது மக்காதுக்கா, நாம போய்ச் சேர்ந்து நம்ம பேரப்பிள்ளைகள் போய்ச் சேர்ந்தாலும் இப்படியே கிடக்கும். ஆறு கீழே போய்த் தலைமதகில் வாய்க்காலாகப் பிரிகிறது. வாய்க்கால் எங்கள் வயலுக்கும் போகிறது, இன்னும் எத்தனையோ பேர் வயலுக்கும் போகிறது. எந்த வரப்பில் ஒதுங்கும், களை கொத்துகிறபோது யார் எடுத்து, குப்பை என்று எதோடு சேர்த்துக் கொளுத்துவார்கள்? எந்த வீட்டுப் பிள்ளை பக்கத்தில் நிற்கும்?

மிதந்து போனது அங்கேதான் ஒதுங்கும் என்று மதகுக்குப் போனோம். வயலில் தண்ணீர் ஏறிவிடும் என்று ஷட்டரை இறக்கி வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு நடுவில் பாய் கிடந்தது. கட்டுக்கூட அவிழவில்லை.

நான் சேலையைத் தூக்கிச் செருகினேன். செல்வராசு குறுக்கே நின்றார். "விட்டதை எடுக்கக் கூடாது அண்ணி. திரும்பிப் பாக்கவே கூடாதுங்கறாங்க. அண்ணன் அலைஞ்சுக்கிட்டுக் கெடக்கும்."

"அவர் அலையட்டும் தம்பி. நான் காலையிலேருந்து அலையலையா" என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னேன். செல்வராசு தோளில் கிடந்த துண்டை முறுக்கி ஒரு நுனியை ஷட்டர் கம்பத்தில் சுற்றினார். மறு நுனியைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். வலது கையை மட்டும் பின்னால் நீட்டினார். "நான் பாக்கல. நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டு எறங்குங்க" என்றார்.

இடுப்பளவுத் தண்ணீர். அடியில் சேறு. பாயை இழுத்து வரும்வரை அவர் திரும்பவே இல்லை, கையையும் விடவில்லை. கரையில் வைத்துக் கயிற்றை அவிழ்த்தேன். இரண்டு பாய்க்கும் நடுவில் கவர் இருந்தது. உள்ளே ஈரம் போகவில்லை. கண்ணாடி போலப் புதுத் தாள், ஒரு மடிப்பு இல்லை. கவரை எடுத்துக்கொண்டு பாயை மறுபடி சுருட்டிக் கட்டினேன். மதகுக்கு அந்தப் பக்கம், ஆறு இழுத்துக்கொண்டு ஓடுகிற இடத்தில் அதை விடும்படி கயலிடம் சொன்னேன். இந்தத் தடவை மூன்று பேரும் திரும்பிப் பார்க்காமல் வந்தோம்.

மறு வாரம் கவரோடு மறுபடி தஞ்சாவூர் போனேன். அதே பஸ், அதே காசு. அந்தப் புகைதான் அவரைக் கொண்டுபோனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரவில் கயல் இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அது போகாது என்று நினைக்கிறேன்.

இந்தத் தாளை வைத்திருந்து கொண்டுபோக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். சாக்கில் கட்டாதீர்கள். தண்ணீர் புகாத கவரில் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். கைக்கு உறை இல்லை என்றால் பால் கவரையாவது மாட்டிக்கொள்ளுங்கள், தொட்டால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். முதலில் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள், எல்லா இடத்திலும் எடுக்கமாட்டார்கள். இடம் தெரியாவிட்டால் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுப்பவர்களைக் கேளுங்கள். எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் ஏழு மணிக்குள் நன்னிலத்தில் இருந்தால் மத்தியானத்துக்குள் வேலை முடியும். கும்பகோணத்தில் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் மூட்டையைப் பற்றிப் பேசாதீர்கள்.

எரிக்காதீர்கள், ஆற்றில் விடாதீர்கள். பாய்க்குள் எதையாவது சுருட்டி வைத்திருந்தால் வீட்டில் ஒருத்தரிடமாவது சொல்லி வையுங்கள்.